கொறங்காட்டில் மழை, புல், பூச்சிக் கணக்கு வைப்பது எப்படி

என் மாமியார் மழையை மில்லிமீட்டரில் சொல்லமாட்டார். அரை உழவு, ஒரு உழவு, இரண்டு உழவு என்றுதான் சொல்வார். கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்திருந்தால் அது ஒரு உழவு மழை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்று, மூலனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் எட்டு ஏக்கர் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது, கையோடு ஒரு மழைமானியும் வந்தது. அதை நட்டு முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "வானத்திலிருந்து விழுந்தது இதில் தெரியும் அம்மிணி. மண்ணுக்குள் போனது தெரியுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு பருவம் பிடித்தது.

மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள், அல்லது ஊர்ப் புறம்போக்கில் கொஞ்சம் புல் மிச்சமிருக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கலாம். பெரிய செலவு கிடையாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருடத்துக்கு எவ்வளவு மழை என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புல்லையும் பூச்சியையும் புரிந்துகொள்ள முடியாது. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் எத்தனை நாள் காய்ந்தது என்பதை எண்ண வேண்டும்.

நிலத்தைத் தெரிந்துகொள்வது

கொறங்காடு என்பது கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், கரூர் வட்டாரங்களில் இருக்கும் தனியார் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். காங்கயம் மாடும் செம்மறியும் இதை நம்பித்தான் இருக்கின்றன. பெரும்பாலும் செம்மண் சரளை. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும்தான் வரும், மழை வராது. சித்திரை வைகாசியில் கொஞ்சம் கோடை மழை, பிறகு ஐப்பசி கார்த்திகையில்தான் பெரிய வரவு. நல்ல வருடத்தில் 600 மில்லிமீட்டரை ஒட்டி வரும்.

கொழுக்கட்டைப்புல் பல்லாண்டுப் புல். தூர் கட்டி, வேரை ஆழமாக இறக்கி வைத்திருக்கும். மேலே எல்லாம் வெந்து சருகானாலும் தூருக்குள் உயிர் இருக்கும், ஒரு நல்ல மழைக்கு மறுபடி பச்சை பிடிக்கும். இதன் நடுவில் நரிப்பயறு, கொழிஞ்சி, நெருஞ்சி, தும்பை என்று மழை பார்த்து முளைக்கிற செடிகள் இருக்கின்றன. மழை மாறும்போது முதலில் கலைவது இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருக்கும் பங்குதான். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் நிலத்தில் எது பல்லாண்டு, எது ஒரு பருவம் என்று பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். புத்தகப் பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். எங்கள் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு நான் கல்லூரியில் படித்ததைவிட அதிகமாகச் செடிகளைத் தெரியும். எதை ஆடு முதலில் கடிக்கும், எதைப் பசித்தால்தான் கடிக்கும் என்ற வரிசையோடு சொல்வார்.

மழைக்கு இரண்டு அளவு

ஒன்று, டப்பாக் கணக்கு. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள தகர டப்பா போதும். ஓரம் சரிந்த டப்பா கூடாது. திறந்த வெளியில், மரத்திலிருந்து விலகி, இடுப்புயரக் கம்பத்தில் கட்டுங்கள். காலை எட்டரை மணிக்கு அடிமட்ட அளவுகோலை விட்டு அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் சுலபம்.

இரண்டு, மாமியார் கணக்கு. மழை விட்ட மறுநாள் ஒரு முழ நீளக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். ஈரம் இருக்கும்வரை கம்பி இறங்கும், காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். சரளை தட்டினால் பக்கத்தில் நகர்த்திக் குத்திப் பாருங்கள். மூன்று நான்கு இடத்தில் குத்தி, எத்தனை விரல்கடை இறங்கியது என்று எழுதுங்கள். பெய்த அளவு ஒரு கட்டத்தில், இறங்கிய ஆழம் பக்கத்துக் கட்டத்தில். இந்த இரண்டும் பொருந்தாத நாட்களை நான் வட்டம் போட்டு வைப்பேன். ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழை டப்பாவில் நிறையக் காட்டும், கம்பி நான்கு விரல்கூட இறங்காது. மீதி ஓடைக்குப் போயிருக்கும். ஆடு மிதித்து இறுகிய இடத்திலும், புல் தூர் அடர்ந்த இடத்திலும் தனித்தனியாகக் குத்திப் பாருங்கள். தூருக்கு அடியில் கம்பி வெண்ணெயில் போவதுபோல் போகும்.

இனி இடைவெளி. வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளைத்தான் மழை நாள் என்று கணக்கில் எடுக்கிறது. எங்கள் வெயிலுக்கு அதெல்லாம் மதியத்துக்குள் ஆவியாகிவிடும் தூறல். நான் 10 மில்லிமீட்டரைக் கோடாக வைத்திருக்கிறேன். 10 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த நாளிலிருந்து அடுத்து அப்படிப் பெய்யும் நாள்வரை எத்தனை நாள் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். 600 மில்லிமீட்டர் மழை நாற்பது நாளில் பரவியும் பெய்யலாம், பதினெட்டு நாளில் கொட்டியும் தீர்க்கலாம். ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். புல்லுக்கு இரண்டும் வேறு வேறு வருடங்கள்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கொன்சா என்ற உயர்புல் வெளியில், 1998இலிருந்து கூரை போட்டு மழையைப் பிடித்து, மொத்த அளவைக் குறைக்காமல், இடைவெளியை மட்டும் பாதியளவு நீட்டித் திரும்ப ஊற்றினார்கள். புல் விளைச்சல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் கொலராடோவின் வறண்ட குறும்புல் வெளியில் இதேமாதிரி செய்தபோது முடிவு தலைகீழ்: குறைந்த எண்ணிக்கையில் பெரிய மழையாகக் கொடுத்ததற்குத்தான் அதிகப் புல். காரணம் எளிது. வறண்ட மண்ணில் சிறு தூறல்கள் மேலேயே ஆவியாகிவிடும், பெரிய மழை வேர்வரை இறங்கித் தங்கும். ஈரமான நிலத்தில் நல்லது வறண்ட நிலத்தில் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் கொறங்காடு கொலராடோவின் பக்கம்தான் சாயும் என்று நினைக்கிறேன். ஒரு நிபந்தனை உண்டு: பெய்த மழை ஓடாமல் இறங்க வேண்டும். அதனால்தான் அந்தக் கம்பி.

புல்லை அளப்பது

எதை யார் தின்றார்கள் என்று பிரிக்காமல் புல்லை அளந்து பயனில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என மூன்று சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். ஒன்று திறந்தே இருக்கட்டும். இரண்டாவதுக்குக் கம்பி வலைக் கூண்டு: ஆடு மாடு உள்ளே வராது, பூச்சி வரும். மூன்றாவதுக்குக் கம்பிக்கு மேல் கொசுவலையும் போட்டு ஓரங்களை மண்ணில் புதைத்துவிட வேண்டும்: இரண்டும் வராது. மூடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் பூச்சிகளை விரட்டிவிடுங்கள். மறந்தால் வெட்டுக்கிளிக்குப் பாதுகாப்பான விடுதி கட்டிக்கொடுத்ததாகிவிடும். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால், பூச்சி இல்லாத சதுரத்தில்தான் இலைகள் அதிகம் கடிபட்டிருந்தன. கரிச்சானும் மைனாவும் உள்ளே வர முடியாதல்லவா.

கொசுவலை வெயிலையும் மழையையும் கொஞ்சம் மறைக்கும். உள்ளேயும் ஒரு டப்பா வைத்து எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அல்லது ஒவ்வொரு பெரிய மழைக்கும் மூன்று வாரம் கழித்து, சதுரத்தின் நடுப்பகுதியை நான்கு விரல் உயரம் விட்டுக் கதிர் அரிவாளால் அறுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தை அறுக்காதீர்கள். பல்லாண்டுப் புல், மற்றவை என்று இரண்டாகப் பிரித்து நிழலில் ஒருநாள், வெயிலில் மூன்று நாள் காயவைத்து, அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்ற பிறகு எழுதுங்கள். சமையலறைத் தராசு போதும். இரண்டாம் சதுரத்திலிருந்து திறந்த சதுரத்தைக் கழித்தால் ஆட்டின் பங்கு. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பூச்சியின் பங்கு. எங்கள் பெரியவருக்கு இந்தக் கூண்டுகள் பிடிக்கவில்லை. "டீச்சர், உள்ளே நிற்பது என் ஆட்டுச் சோறு" என்பார். பூச்சியும் அந்தச் சோற்றில் கை வைக்கிறது என்று எடையைக் காட்டிய பிறகு, வலையை அவரே இழுத்துக் கட்டிக்கொடுத்தார்.

பூச்சியை எண்ணுவது

வேலையில் இனிமையான பகுதி இதுதான். அவசரப்பட்டால் பொய்க்கணக்கு வரும் பகுதியும் இதுதான்.

பழைய 28 அங்குல சைக்கிள் ரிம் மூன்றோ நான்கோ வாங்கிக்கொள்ளுங்கள். ஆரத்தை எடுத்துவிட்டால் நல்ல வளையம். மூன்று வளையம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். முந்தின நாள் மாலையே வளையங்களைப் புல்லில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை பனி ஆறி, வெயில் ஏறுவதற்குள், எட்டு மணி சுமாருக்கு மெதுவாகப் போய், வளையத்துக்குள் குச்சியால் கலைத்து, எத்தனை வெட்டுக்கிளி குதித்து வெளியேறுகிறது என்று எண்ணுங்கள். நிழல் முன்னால் விழாமல் சூரியனைப் பார்த்து நடக்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் போனால் நீங்கள் வருவதற்கு முன்பே அவை போயிருக்கும்.

சின்னப் பூச்சிகளுக்குக் கைவலை. தடித்த கம்பியை வளைத்து, காடாத் துணியில் பை தைத்து, மூங்கில் கைப்பிடி போட்டால் முடிந்தது. புல் காய்ந்திருக்கும்போது மட்டும், நடந்துகொண்டே இடமும் வலமுமாக 25 வீச்சு. வலையின் வாயைப் பிடித்து, எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் உதறி எண்ணிவிட்டு, திரும்ப விட்டுவிடுங்கள். ஈரப் புல்லில் வீசினால் பையில் சேறுதான் மிஞ்சும்.

இனப்பெயர் தேடித் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு கட்டம் போதும். இலையைக் கடிப்பவை: வெட்டுக்கிளி, புழுக்கள். சாறு உறிஞ்சுபவை: தத்துப்பூச்சி, அசுவினி, நாவாய்ப்பூச்சி. வேரையும் சருகையும் தின்பவை: வெள்ளைப்புழு, கறையான். இவை எல்லாவற்றையும் தின்பவை: சிலந்தி, கும்பிடுபூச்சி, பொறிவண்டு. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். மழைக்குப் பிறகு உண்ணிக்கொக்கும் கௌதாரியும் எத்தனை வந்தன என்பதையும் ஓரத்தில் குறியுங்கள்.

எருக்கஞ்செடியைத் தனியாகப் பாருங்கள். அதில் மஞ்சளும் நீலப்பச்சையுமாக வர்ணம் பூசியது போல ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். 2020 மே மாதம் வடக்கே பாலைவன வெட்டுக்கிளிப் படை வந்த செய்தி பரவியபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கில் கூட்டமாக இருந்த உள்ளூர் வெட்டுக்கிளியைக் கண்டு மக்கள் பயந்துபோனார்கள். எங்கள் ஊரிலும் மருந்து தெளிக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். எருக்கைவிட்டு அது உங்கள் சோளத்துக்கு வந்து படையெடுக்காது என்று சொல்லி அனுப்பினேன். பாலைவன வெட்டுக்கிளியின் கதை வேறு. அதற்குப் பின்னாலும் மழைதான் இருந்தது: 2018இல் மெகுனு, லூபன் என்ற இரண்டு புயல்கள் அரேபியாவின் ஆளில்லாப் பாலைவனத்தை நனைத்துவிட்டுப் போயின. ஈர மணலில் முட்டையிட்டு, முளைத்த பச்சையைத் தின்று, யார் கண்ணிலும் படாமல் தலைமுறைமேல் தலைமுறையாகப் பெருகியது. மழையே வராத இடத்தில் வந்த மழையின் விளைவு அது.

சிறு கூரை போட்டுப் பார்ப்பது

இயற்கை கொடுக்கும் வருடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒப்பிட வேறொன்று இருக்காது. எனவே முடிந்தவர்கள் இதையும் செய்யலாம்.

இரண்டு மீட்டர் சதுரமாக நான்கு கம்பங்கள். ஒரு பக்கம் மார்பளவு, எதிர்ப்பக்கம் ஒரு சாண் குறைவு. அதன்மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டை ஒரு சாண் அகலப் பட்டைகளாக அறுத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு வேய்ந்தால் பாதி மழை தடைபடும். தாழ்ந்த பக்கத்தில் பிவிசி குழாயை நீளவாட்டில் பிளந்து தாழ்வாரமாக வைத்து, தண்ணீரைத் தூரத்தில் விடுங்கள். இது வறட்சி மேடை. பக்கத்தில் இன்னொன்று, முழுவதும் மூடியது. இதன் தண்ணீரை வீணாக்காமல் பீப்பாயில் பிடித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள். 25 மில்லிமீட்டர் பெய்தால் இந்தக் கூரையில் 100 லிட்டர் சேரும். மொத்த மழை குறையவில்லை, இடைவெளி மட்டும் நீண்டது. இது இடைவெளி மேடை. மூன்றாவது, கூரையில்லாத சதுரம். வசதி இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று போடுங்கள். ஒன்றை வைத்துச் சொல்வது ஜோசியம். சுற்றிலும் ஒரு முழ ஆழ வாய்க்கால் வெட்டினால் பக்கத்து மழைநீர் உள்ளே ஓடி வராது. ஓரங்களை விட்டுவிட்டு நடு மீட்டரில் மட்டும் அளவெடுங்கள்.

கூரையை ஆனி ஆடியில் போடாதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் பழமொழி இல்லை, செய்தி. காற்றாலைக்காரர்கள் சும்மாவா இங்கே வந்தார்கள்? என்னுடைய முதல் கூரையின் பட்டைகளைப் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் ஏறி எடுத்துவந்தார்கள்.

இந்த மேடைகள் புல்லைப் பற்றி நன்றாகச் சொல்லும். பூச்சியைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்லும். வெட்டுக்கிளி ஒரே தாவலில் மேடை மாறிவிடும். எண்ணிக்கையை முழுக் காட்டிலும் எடுத்துவிட்டு, மேடைப் புல்லைச் சுவை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அது இப்படி: மூன்று மேடையிலிருந்தும் ஒரே அளவு இலை வெட்டி, அடியை ஈரப் பஞ்சில் சுற்றி, ஒரே கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். காலையில் பிடித்த வெட்டுக்கிளி இரண்டை நான்கு மணி நேரம் பட்டினி போட்டு உள்ளே விடுங்கள். மாலையில் இலைகளைக் கட்டத்தாளில் வைத்து, எத்தனை கட்டம் காணாமல் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். என் அண்ணன் பேத்திக்கு இதில் இருக்கும் ஆர்வம் கணக்குப் பாடத்தில் இல்லை.

எழுதியதைப் படிப்பது

ஒரு பருவம் எழுதியபின் நோட்டை விரித்தால் சில முகங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

நல்ல மழை, பிறகு மூன்று வாரம் காய்ச்சல். ஒரு பருவச் செடிகள் முளைத்த வேகத்தில் கருகிவிடும். நரிப்பயறு மட்டும் தந்திரக்காரி. அதன் விதைகளில் ஒரு பங்கு தோல் கடினமாக இருப்பதால் முதல் மழைக்கு ஏமாறாமல் மண்ணில் காத்திருக்கும். கொழுக்கட்டைப்புல் வளர்ச்சியை நிறுத்திவிட்டு நிற்கும். இலை வளராமல் நின்றாலும் அதிலிருக்கும் சத்து அடர்த்தியாகவே இருக்கும். இந்த நேரத்தில் சிறு மழை விழுந்து மறுபடி காய்ந்தால் சாறு உறிஞ்சிகளுக்குக் கொண்டாட்டம். வாடும்போது செடி தன் புரதத்தை உடைத்துச் சாற்றில் விடுகிறது, மழை வந்து சாற்றின் அழுத்தம் திரும்பியதும் அவை உறிஞ்சிக்கொள்கின்றன. தொடர்ந்து காய்ந்தால் உறிஞ்சுவதற்கே சாறு இருக்காது, அவையும் குறைந்துவிடும். அசுவினியை எண்ணும்போது இதை மறக்காதீர்கள்: காய்ந்த வாரமா, காய்ந்து நனைந்த வாரமா என்று பார்க்காமல் வறட்சியில் பூச்சி கூடும், குறையும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம்.

இதே வாடல் மாட்டுக்கு நஞ்சாவதையும் நம் ஊரில் எல்லாரும் அறிவார்கள். வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு தரும் பொருள் கூடியிருக்கும். கடிப்பவர்களை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. நோட்டில் இடைவெளி நீண்டு இருக்கும் வாரத்தில் மாட்டைச் சோளக்காட்டோரம் அவிழ்த்துவிடாதீர்கள்.

அடைமழை, நாட்கணக்கில் வெயில் இல்லை. புல் தளதளவென்று வளரும். மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்கியதுபோல் தழைச்சத்தும் மணிச்சத்தும் நீர்த்துப்போயிருக்கும். கொன்சாவில் முப்பது ஆண்டுகளில் புல் இரட்டிப்பானது, ஆனால் புல்லில் இருந்த சத்துகள் குறைந்தன. வெட்டுக்கிளிகள் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கும் மேல் குறைந்துகொண்டே வந்தன. பச்சை கூடினால் பூச்சி கூடும் என்று நான் வகுப்பில் பல ஆண்டு சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் சீனாவின் உள்மங்கோலியாவில், ஆடு அதிகம் மேய்ந்து தழைச்சத்து குறைந்த புல்தான் அங்கிருக்கும் ஒரு வெட்டுக்கிளிக்கு ஒத்துப்போகிறது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. வெட்டுக்கிளி என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் அடைக்காமல், நிறம், உணர்கொம்பின் நீளம் வைத்தாவது இரண்டு மூன்று வகையாகப் பிரித்து எண்ணுங்கள்.

அடைமழையில் இன்னொன்றும் பார்க்கலாம். புல் நுனியில் தலை மேலாக, தண்டைக் கட்டிப்பிடித்தபடி வெட்டுக்கிளிகள் செத்து ஒட்டியிருக்கும். பூஞ்சை நோய். சாகும் முன் அதை உச்சிக்கு ஏறவைத்து, அங்கிருந்து தன் வித்துகளைக் காற்றில் விடுகிறது. அப்படிப் பார்த்தால் எண்ணி எழுதுங்கள், அடுத்த மாதக் கணக்கில் தெரியும். கனமழை அசுவினியையும் அடித்துக் கழுவிவிடும்.

நீண்ட வறட்சி. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. நான் அப்போது நோட்டு வைத்திருக்கவில்லை. மாமியார் நினைவில் இருப்பது இதுதான்: நின்ற சருகைக் கறையான் மண்பூசித் தின்று முடித்தது, பச்சை இருந்த ஒரே இடம் வாய்க்கால் ஓரம், ஊரிலுள்ள வெட்டுக்கிளி மொத்தமும் அங்கே. எண்ணிக்கை கூடவில்லை, ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது. வறட்சியில் வளையக் கணக்கு எடுப்பவர்கள் பச்சையான இடத்தில் மட்டும் வளையம் போட்டால் ஏமாந்துபோவார்கள்.

காய்ச்சலுக்குப் பின் முதல் பெருமழை. எல்லாம் ஒரே வாரத்தில் மண்ணிலிருந்து எழும். ஈசல் பறக்கும், வண்டுகள் வரும், அவற்றின் முட்டையிலிருந்து வெள்ளைப்புழு வேரைத் தேடிப் போகும். மண்ணுக்குள் காத்திருந்த வெட்டுக்கிளி முட்டைகள் சேர்ந்து பொரிக்கும். பக்கத்தில் நிலக்கடலை இருந்தால் சிவப்புக் கம்பளிப்புழுவைக் கவனியுங்கள். அதன் கூட்டுப்புழு பத்து மாதம்வரை மண்ணில் உறங்கி, கோடை மழைக்குப் பிறகு அந்துப்பூச்சியாக வெளிவரும். மழை பெய்த இரண்டாம், மூன்றாம் இரவுகளில் முன்னிரவிலேயே விளக்குக்கு அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து வைப்பதால் பயன் குறைவு. மழைத் தேதி நோட்டில் இருந்தால் இதற்குத் தனியாக நினைவூட்டல் வேண்டாம்.

படலைத் திறப்பதும் மூடுவதும்

கணக்கு எதற்கு என்றால் இதற்குத்தான். எங்கள் காட்டில் இப்போது மூன்று பழக்கங்கள் மாறியிருக்கின்றன.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஆட்டை உள்ளே விடுவதில்லை. கம்பி ஒரு சாண் இறங்கி, புல் குதிகால் உயரம் தாண்டிய பிறகுதான் படல் திறக்கும். அதுவரை சோளத்தட்டு. முதல் துளிரைக் கடித்துவிட்டு அடுத்து மூன்று வாரம் காய்ந்தால் தூர் தாங்காது, அந்த வெற்றிடத்தில் அடுத்த மழைக்குப் பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். காட்டை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியை விதை உதிரும்வரை மேய்க்காமல் விடுகிறோம். மறு வருடம் பாதி மாறும். உதிர்ந்த விதையில் கொஞ்சம் சேகரித்து வையுங்கள். புதிதாகப் பறித்த கொழுக்கட்டைப்புல் விதை உடனே சரியாக முளைக்காது, சில மாதம் ஆற வேண்டும். மாசியில் எடுத்ததைப் புரட்டாசி முடிவில் வெற்றிடங்களில் தூவினால் சரியாக இருக்கும்.

மூன்றாவது, வெட்டுக்கிளி கூடியதாகத் தெரிந்தாலும் மேய்ச்சல் காட்டில் மருந்து அடிப்பதில்லை. கூண்டுக் கணக்கில் பூச்சியின் பங்கு ஆட்டின் பங்கைத் தாண்டிய மாதம் இதுவரை எங்கள் காட்டில் வரவில்லை. தெளித்தால் சாணியை மண்ணுக்குள் இழுக்கும் வண்டும் சாகும், கௌதாரிக்கும் இரை போகும். பெரியவர் இதை ஒப்புக்கொள்கிறார். ஆட்டுப் பங்கைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்வதைத்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தொடங்குவதற்குப் புரட்டாசி முதல் வாரம் நல்லது. காற்று அடங்கியிருக்கும், மழை வந்திருக்காது, காய்ந்த நிலத்தின் கணக்கும் ஒன்று கையில் இருக்கும். டப்பாவுக்குள் எறும்பு கூடு கட்டாமல் கம்பத்தின் அடியில் சாம்பல் போட்டுவிடுங்கள். நோட்டை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள். என்னுடைய முதல் நோட்டு மாட்டுக் கொட்டகை விட்டத்தில் இருந்தது. இரண்டு மாத மழைக் கணக்கைக் கறையான் தின்றுவிட்டது.